ஆற்றலறிந்து செய்யும் தவம்: சிறுநீரகப் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?

(தசலட்சணப் பெருவிழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ நாளன்று பாகலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தவத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள பெரியோர் இங்கே பலர் இருக்கிறார்கள். நானோ இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருபவன். நாள் முழுவதும் பிறருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, எண்களைத் தாளில் ஏற்றிக் கையொப்பமிடுவது என் தொழில். அந்தத் தாளில் சிறுநீரகத்தைப் பற்றி எழுதப்படும் சில எண்களை எப்படி வாசிப்பது என்று சொல்லவே வந்தேன். இதை உத்தம தவ நாளில் ஏன் சொல்கிறேன் என்பது இறுதியில் விளங்கும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தந்தையாரின் இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. 57 வயதில் ஊரை விட்டு எங்களோடு பாகலூரில் குடியேறியபோது, அவருடைய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு 0.8 ஆக இருந்தது. பின்னர் 0.9 ஆயிற்று, 1.1 ஆயிற்று. 62 வயதில் 1.3. எங்கள் கூடத்துத் தாளில் ஆண்களுக்குரிய இயல்பு அளவு 0.7 முதல் 1.3 வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே ஐந்தாண்டுகளும் அந்த எண்ணின் அருகில் எச்சரிக்கைக் குறி எதுவும் விழவில்லை. ஒவ்வொரு முறையும் நான் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், "எல்லாம் நார்மல்தான் அப்பா" என்றேன். அடுத்த ஆண்டு 1.7 வந்தது. அன்றுதான் முதன்முறையாகத் தடித்த எழுத்தில் ஒரு குறி விழுந்தது. அன்று அவருடைய சிறுநீரகங்களின் வடிதிறனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 45. ஆறாண்டுக்கு முன் அது 103 ஆக இருந்தது. குறியேதும் இல்லாமலே 62 வரை இறங்கி, குறி விழுந்த அன்று பாதிக்கும் மேல் போயிருந்தது. அத்தனை தாள்களிலும் கையொப்பமிட்டவன் நான். ஒரு தாளையும் இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்கவில்லை.

படித்தவன், அதுவே தொழிலாகக் கொண்டவன், பெற்ற தந்தையின் தாளிலேயே தவறினேன் என்றால், பிறர் தவறுவதில் வியப்பில்லை. அந்தத் தவறு இங்குள்ள எந்த வீட்டிலும் நேரக் கூடாது என்பதற்காகவே இந்த உரை.

நம் மரபில் தண்ணீரைத் துணியால் வடிகட்டாமல் பருகுவதில்லை. பாட்டிமார் இரட்டையாக மடித்த துணியைக் குடத்தின் வாயில் கட்டி நீர் வடித்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சிறுநீரகத்தை விளங்கிக்கொள்ள அந்தத் துணியே போதும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து வடிக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். உடலுக்கு வேண்டியதையெல்லாம் மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

வடிகட்டும் துணிக்கு இரண்டு விதமாகக் கேடு வரும். ஒன்று அடைப்பு; மற்றொன்று கிழிசல். துணி அடைத்துக்கொண்டால் வடிய வேண்டியது வடியாமல் மேலேயே தேங்கும். துணி கிழிந்தால் தங்க வேண்டியது கீழே ஒழுகிவிடும். சிறுநீரகத்திலும் இவ்விரண்டும் நிகழும். தேக்கத்தைக் காட்டுவது இரத்தப் பரிசோதனை. ஒழுக்கைக் காட்டுவது சிறுநீர்ப் பரிசோதனை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பார்க்காமல் விடுவது அரைப் பரிசோதனையே. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவை எளிது.

இரத்தப் பரிசோதனையில் முதலில் வருவது கிரியாட்டினின். நம் தசைகள் இயங்கும்போது நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் கழிவுப்பொருள் இது. சிறுநீரகம் இதை வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் இது இரத்தத்தில் தேங்கி அளவு உயரும். ஆனால் அந்த உயர்வு முதலில் மிகச் சிறிதாகவே இருக்கும். சிறுநீரகத்தின் திறனில் பாதியளவு குறைந்த பின்னும் இந்த எண் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். 0.8 என்பது 1.3 ஆவது அரைப் புள்ளி உயர்வுதான், 4.0 என்பது 4.5 ஆவதும் அரைப் புள்ளி உயர்வுதான். எனினும் இழக்கும் திறனை அளந்தால் முதலாவதுதான் பேரிழப்பு. பின்னதில் இழப்பதற்கே மிச்சம் சிறிதளவுதான். நாமோ முதலாவதைக் கண்டுகொள்வதில்லை. பின்னதைக் கண்டு நடுங்குகிறோம்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை மிகுந்தவருக்கு இயல்பாகவே கூடுதலாகவும், மெலிந்தவருக்குக் குறைவாகவும் இருக்கும். புலால் உண்போருக்குச் சமைத்த இறைச்சியாலும் அது சற்று உயரும். நமக்கு அந்தக் காரணம் இல்லை. ஆகவே நம் வீடுகளில் உள்ள மெலிந்த பாட்டிமாருக்கு அந்த எண் தாழ்ந்தே நின்று, உள்ளிருக்கும் குறையை மறைத்துவிடலாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று கிரியாட்டின் பொடி உண்ணும் இளைஞருக்கோ, சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே எண் உயர்ந்து காட்டலாம். அத்தகைய ஐயம் எழுந்தால், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் மற்றொரு பரிசோதனையை மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.

இக்குறையைப் போக்கவே வடிதிறன் கணக்கிடப்படுகிறது. தாளில் இதை ஈ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சிடுவார்கள். கிரியாட்டினின் அளவோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்படும் எண் இது. இப்போது பரவலாக வழங்குவது 2021இல் திருத்தப்பட்ட சூத்திரம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 30 வயது ஆண் ஒருவருக்குக் கிரியாட்டினின் 1.1 என்றால் வடிதிறன் 90க்கு மேல், கவலையில்லை. அதே 1.1 ஒரு 68 வயது மூதாட்டிக்கு வந்தால் வடிதிறன் ஏறத்தாழ 55 மட்டுமே. பல தாள்களில் இருவருக்கும் எச்சரிக்கைக் குறி விழாது. எண் ஒன்றே, பொருள் வேறு. ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று நோக்க வேண்டும் என்று அநேகாந்தத்தைப் போற்றும் நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கியதும் அதை மறந்துவிடுகிறோம்.

வடிதிறன் 90க்கு மேல் இருந்தால் இயல்பு. 60 முதல் 89 வரை சற்றே குறைவு. முதியோருக்கு இது வயதின் விளைவாகவும் இருக்கலாம். 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். 30க்குக் கீழே கடுமையான குறைவு. 15க்குக் கீழே செயலிழப்பு. அந்நிலையில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு எழும். டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பது. அந்த நிலையைத் தள்ளிப்போடுவதற்குரிய காலம், நோயாளிக்கு ஒரு துன்பமும் தெரியாத தொடக்கக் காலமே. சிறுநீரகம் முறையிடாது. கால் வீக்கமும் வாந்தியும் மூச்சுத்திணறலும் பெரும்பாலும் கடைசியில் வருபவை.

'மூன்று மாதங்களுக்கு மேல்' என்று சொன்னதைக் கவனியுங்கள். 2023இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் தமிழகத்தின் பல ஊர்களில் 3,000க்கும் மேற்பட்ட வேளாண் தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். முதற் பரிசோதனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரிடம் மாறுபாடு தென்பட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடமே நோய் உறுதியாயிற்று. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒரே ஒரு தாளைக் கண்டு அழுது புலம்ப வேண்டாம் என்பது ஒன்று. மறுபரிசோதனை செய்துகொள்ளாமல் விட்டுவிட்டால் அந்த ஐவருள் நாமும் இருந்துவிடலாம் என்பது மற்றொன்று.

அடுத்து யூரியா. நாம் உண்ணும் புரதத்தின் கழிவு இது. நீர் குறைவாகப் பருகினாலும், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் இது விரைவில் உயரும்; ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இதில் நம் எல்லையூருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. நம்மவர் ஒருநாள் ஓசூரில் பரிசோதித்துக்கொள்வார். மறுமுறை பெங்களூரில் மகள் வீட்டுக்குச் சென்றபோது அங்கே பார்த்துக்கொள்வார். ஒரு கூடம் யூரியா என்று எழுதும். மற்றொரு கூடம் பி.யு.என். என்று, அதிலுள்ள நைட்ரஜனின் அளவை மட்டும் எழுதும். பி.யு.என். அளவை 2.14ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். ஓசூரில் யூரியா 43 என்று வந்தவருக்குப் பெங்களூரில் பி.யு.என். 20 என்று வந்தால், இரண்டும் ஒன்றே. ஒரு பெரியவர் 'பெங்களூர்த் தண்ணீர் குடித்ததும் பாதியாகக் குறைந்துவிட்டது' என்று மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிட்டதை நான் அறிவேன். எண்ணைப் பார்க்குமுன் அதன் பெயரையும் அளவலகையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இம்மாநிலத்து மருத்துவர் ஒரு தாளைப் பார்க்கிறார்; அம்மாநிலத்து மருத்துவர் மற்றொரு தாளைப் பார்க்கிறார்; தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் தாள் அலுவலகக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. எந்தத் தாளிலும் குறையில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் மட்டுமே குறை தெரியும். அந்த வரிசையை ஒருவரும் அடுக்குவதில்லை. எல்லையைக் கடந்து வாழும் நம் குடும்பங்களில் அந்த வேலையை வீட்டிலுள்ள ஒருவரே செய்தாக வேண்டும்.

முடிந்தவரை ஒரே கூடத்தில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிரியாட்டினினை அளக்கும் முறைகள் இரண்டு வகைப்படும். ஒன்று யாஃபே என்னும் செருமானிய அறிஞர் 1886இல் கண்டறிந்த நிறமாற்ற வினையை அடிப்படையாகக் கொண்டது. செலவு குறைவு என்பதால் இன்றும் பல கூடங்களில் வழங்குகிறது. மற்றொன்று நொதிமுறை, சற்றே செலவு மிகுந்தது, துல்லியமும் மிகுந்தது. இரு முறைகளுக்கும் இடையே சிறு வேறுபாடு வருவது இயல்பு. உபவாசத்தின்போது உடலில் உண்டாகும் கீட்டோன் என்னும் பொருள் யாஃபே முறையில் கலந்து, கிரியாட்டினினை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே உபவாச நாளிலும் பாரணை செய்த மறுநாளிலும் இப்பரிசோதனை வேண்டாம். சில நாள் வழக்கமான உணவும் நீரும் கொண்ட பின் வாருங்கள்.

'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று சர்க்கரைப் பரிசோதனைக்குச் சொல்வோம். அதற்கு உணவு வேண்டாம் என்பதே பொருள், நீர் பருகலாம். நம் பெரியவர்களோ சூரிய அத்தமனத்துக்குப் பின் நீரும் பருகாமல் இருந்து, காலையிலும் பருகாமல், ஒன்பது மணிக்கு வந்து நிற்கிறார்கள். ஏறத்தாழ 15 மணி நேரம் வறண்டிருந்த உடலில் எடுத்த யூரியாவும் கிரியாட்டினினும் சற்று உயர்ந்தே காட்டலாம். உதயத்துக்குப் பின் இரண்டு குவளை நீர் பருகிவிட்டு வாருங்கள். விரதத்துக்கும் பங்கமில்லை, பரிசோதனைக்கும் பங்கமில்லை.

இனி, கிழிசலைக் காட்டும் சிறுநீர்ப் பரிசோதனை. நலமான சிறுநீரகம் ஆல்புமின் என்னும் புரதத்தை வெளியே விடாது. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் வடிகட்டியைச் சிதைக்கத் தொடங்கியதும் இது ஒழுகத் தொடங்கும். பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளிடம், கிரியாட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒழுக்கு தொடங்கிவிடுகிறது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே இதற்குச் சிறந்தது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நலம். 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300க்கு மேல் பெருங்கேடு. என் தந்தையாருக்கு இதை ஒருமுறையேனும் செய்திருந்தால், 1.7 வரை காத்திருக்க வேண்டியதில்லை. செலவும் பெரிதன்று. எனக்குத் தோன்றவில்லை என்பதே உண்மை.

இந்தச் சிறு பரிசோதனையின் வலிமையைத் தமிழகத்திலேயே மெய்ப்பித்துக் காட்டியவர் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களைத் தேர்ந்துகொண்டது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்பி, எளிய கரைசல்களைக் கொண்டு சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று பார்க்கவும், இரத்த அழுத்தத்தை அளக்கவும் செய்தது. நோய் கண்டவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளாலேயே அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. பெரிய மருத்துவமனையும் பெரிய கருவியும் இல்லாமல் சிறுநீரக நோயின் வேகத்தைக் கிராமத்திலேயே தணிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நமக்கும் வாய்ப்புகள் அருகிலேயே உள்ளன. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குரிய பைகளும் அத்திட்டத்தில் வழங்கப்படுகின்றன. 2023 முதல், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலையில் பணிபுரிவோர் பலருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆகவே, பணமில்லை என்பதால் பரிசோதிக்கவில்லை என்று சொல்ல இடமில்லை.

யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்? சர்க்கரை நோய் உள்ளவர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டவர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்க வேண்டும். நம் ஊருக்கு மேலும் இருவரைச் சேர்க்கிறேன். வார்ப்படச் சாலையிலும் உலை முன்பும் கொதிக்கும் வெப்பத்தில் நிற்பவர்கள் முதலாமவர். வெப்பச் சுமைக்கும் சிறுநீரகச் செயற்குறைவுக்கும் உள்ள தொடர்பைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளரிடையே ஆராய்ந்து எழுதியுள்ளனர். பசுமைக்குடில்களில் ரோஜாப் பறிப்போரும், வேலையிடத்தில் கழிப்பறை வசதி போதாததால் நாள் முழுவதும் நீர் பருகாமலே இருக்கும் சகோதரிகளும் இவர்களோடு சேர்வர். இரண்டாமவர், இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் தாமே கேட்டு வாங்கி, நாள்தோறும் வலி மாத்திரை விழுங்குபவர்கள். டைக்குளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை நெடுநாள் உண்டால் சிறுநீரகம் கெடும். கலந்திருப்பது இன்னதென்று தெரியாத பொடிகளும் அவ்வாறே.

இனி, தவத்துக்கு வருகிறேன்.

என் தந்தையார் நாற்பது ஆண்டுகளாக இவ்விழாவின் ஏழாம் நாளில் நீரும் அருந்தாத முழு உபவாசம் இருந்து வந்தவர். நோய் தெரிந்த ஆண்டில், நீரின்றி இருத்தல் கூடாது என்று சிறுநீரக மருத்துவர் சொல்லிவிட்டார். உடல் வறளும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறையும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையும், சிலவகை அழுத்த மாத்திரையும், சர்க்கரை மாத்திரையும் உண்பவருக்கு அது இன்னும் பெரிய இடர். ஒரே நாளில் வடிதிறன் சரிந்துவிடலாம். சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். இதை வீட்டில் சொன்னபோது தந்தையாருக்குக் கோபம் வந்தது. "நாற்பது வருஷமா இருக்கிற உபவாசத்தை உன் காகிதம் நிறுத்திடுமாடா?" என்று கேட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தவத்தைக் கெடுக்கும் பாவத்தைச் செய்கிறேனோ என்று எனக்கும் உள்ளூர அச்சம்.

நான்காம் நாள் அவரே ஆலயத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் சொன்னவை இரண்டு. தீர்த்தங்கர நிலைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுமிடத்தில், தவத்தைச் 'சக்திக்கு ஏற்ப' என்ற அடையோடு சேர்த்தே கூறுகிறது. ஆற்றலை ஒளித்துக்கொண்டு தவத்தைக் குறைப்பது குற்றம்; ஆற்றலை அறியாமல் மிகுப்பது தவமாகாது. இது முதலாவது. புறத்தவம் ஆறு வகை. உண்ணாமை அவற்றுள் ஒன்றே. குறைத்து உண்பதும் தவம். சுவையைத் துறப்பதும் தவம். பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகிய ரசங்களுள் ஒன்றைத் துறப்பது ரச பரித்தியாகம். இது இரண்டாவது.

தந்தையார் அன்று மாலை, சூரியன் மறையுமுன் உணவுக்கு அமர்ந்தபோது, உப்பை ஒதுக்கிவிட்டதாக அறிவித்தார். சிறுநீரக நோயாளி உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் எத்தனையோ முறை சொல்லியும் கேட்காதவர் அவர். ஊறுகாயும் வடகமும் அப்பளமும் இல்லாமல் உண்டறியாதவர். மருத்துவர் சொல்லி முடியாததை விரதம் முடித்தது. இந்துப்பானால் தீங்கில்லை என்று சிலர் சொன்னார்கள், அதுவும் உப்பே. சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருப்பதால், வடிதிறன் குறைந்தவருக்கு அது அதனினும் தீது. மருத்துவருக்கும் தெரிவித்தேன், உப்பற்ற உணவுக்கு ஏற்ப மாத்திரைகளின் அளவைத் திருத்திக்கொடுத்தார். மூன்றாண்டுகள் ஆகின்றன. இன்று தந்தையாருக்கு வயது 66. வடிதிறன் 40 அளவில் நிற்கிறது. முற்றிலும் மீளவில்லை, போனது போனதுதான். ஆனால் ஆண்டுக்கு எட்டுப் பத்து என்று சரிந்துகொண்டிருந்தது நின்றிருக்கிறது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் முறையான மருந்து ஒரு காரணம். இந்த உப்புத் துறவும் ஒரு காரணம்.

'சக்திக்கு ஏற்ப' என்றால், சக்தியை அறிவது எப்படி? முகத்தைப் பார்த்து அறிய முடியாது; மன உறுதியைக் கொண்டும் அறிய முடியாது. உடலுக்குள் எஞ்சியிருக்கும் ஆற்றலை அளந்து சொல்லும் கருவியாக இக்காலத்தில் நமக்கு வாய்த்திருப்பது இந்தத் தாள். இன்று இதைச் சொல்லத் துணிந்தது அதனால்தான்.

உபவாசம் மேற்கொள்ள விரும்பும் பெரியவர்கள், குறிப்பாகச் சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்கள், விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே தாளோடு மருத்துவரிடம் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். நான் உபவாசம் இருக்கலாமா? இருக்கலாம் எனில் நீர் பருகியாக வேண்டுமா? அன்று எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது? இவற்றை நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். இளையோரே, பெற்றோரின் விரதத்தை ஏளனமாகத் தடுக்காதீர்கள்; அவர்கள் மேற்கொள்ளத்தக்க வேறு தவத்தைக் காட்டுங்கள்.

அறங்காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் ஒன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு குறிப்பேடு கொடுங்கள். அதில் ஆளுக்கு ஒரு பக்கம். நாள், இரத்த அழுத்தம், கிரியாட்டினின், வடிதிறன், சிறுநீர் ஆல்புமின், எந்தக் கூடம் என்று ஆறு கட்டங்கள் போதும். ஓசூரில் எடுத்தாலும், பெங்களூரில் எடுத்தாலும், ஊருக்குப் போனபோது வந்தவாசியில் எடுத்தாலும், அந்த ஒரு பக்கத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். மருத்துவரிடம் செல்லும்போது அதைக் கையோடு கொண்டுசெல்லட்டும். கட்டங்களை வரைந்து கொடுப்பதும், எழுதத் தெரியாத மூத்தோருக்கு ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்து எழுதிக்கொடுப்பதும் என் பொறுப்பு. ஐந்து தாள்களைத் தனித்தனியே பார்த்துக் கையொப்பமிட்டவன் செய்ய வேண்டிய கழுவாய் அது.

வீட்டுக்குச் சென்றதும் அலமாரியிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய பரிசோதனைத் தாள்களை எடுத்து, நாள்வாரியாக அடுக்கிப் பாருங்கள். குறி விழுந்திருக்கிறதா என்று தேடாதீர்கள். எண் எந்தத் திசையில் நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

 இத்தனை நாழிகையும் தம் நோயைப் பற்றி அவையில் பேச இடங்கொடுத்து அமர்ந்திருக்கும் என் தந்தையாருக்கு வணக்கம். அறம் வெல்க. ஜெய் ஜினேந்திரா.